பக்கத்து இருக்கை

லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்த்த அந்தப் பெண்ணிடம் விமானம் ஓட்டும் உரிமம் இருந்தது. சொந்த விமானம்தான் இல்லை. ஐம்பது வயதில், பெட்டிகளில் வரும் பாகங்களைப் பூட்டித் தானே ஒன்றைக் கட்டிவிடுவது என்று கிளம்பிவிட்டாள்.

ஒருவர் பின் ஒருவராக உட்காரும் மாடல்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. ஒல்லியான உடம்பு, நல்ல வேகம். இருவர் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் மாடலை "பறக்கிற சோபா" என்று கேலி செய்வாள்.

தையல்காரரான கணவருக்குக் காய்ச்சலில் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். "உனக்குப் பிடிச்சதையே வாங்கு" என்றார்.

கார் ஷெட்டில் இரண்டு நாற்காலிகளை முன்னும் பின்னுமாகப் போட்டு, அவரைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, முன்னால் அமர்ந்தாள். "வசதியா இருக்கா?" என்றாள். பதில் இல்லை. திரும்பினால், மனுஷர் அவள் பின்னந்தலையைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது.

"பின்னாடி உட்கார்ந்தா நான் பேசறதே தெரியாதே! வாயைத் திறந்து சொல்லக் கூடாதாங்க?"

"ரொம்ப நாள் ஆசையாச்சே உனக்கு. நான் வேடிக்கை பார்த்துக்கிட்டே வந்துடுவேன்."

அவள் எழுந்து அவருடைய நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள். மறுநாளே அகலமான மாடலுக்குச் சொல்லிவிட்டாள்.

லீவு நாளெல்லாம் அவள் தகடுகளைச் சேர்த்து ரிவெட் அடித்தாள். இருக்கைகளுக்கு அவர் உறை தைத்தார். தனியாகப் பலமுறை பறந்து பார்த்த பிறகே அவரை ஏற்றினாள். மேலே போனதும், வாயை மறைத்த மைக்கைக் கீழே தள்ளிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"அதோ, நம்ம தெரு!"

"தெரியுது, தெரியுது. நீ முன்னாடி பார்த்து ஓட்டு தாயே!"