முனீஸ்வரன் வளைவில் ஒரு ஹாரன்

ஆரணியிலிருந்து தேர்வாய் கண்டிகைக்குப் போக ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது. கவரப்பேட்டை போய், ஹைவேயில் ஏறி, லாரிகளுக்குப் பின்னால் புகை குடித்துக்கொண்டே போகலாம். எங்கள் கம்பெனி பஸ்ஸும் அப்படித்தான் போகும். அதில் எனக்கும் ஒரு சீட் உண்டு. இப்போது அதில் யார் உட்காருகிறார்கள் என்று தெரியாது. நான் ஏரிக்கரை ரோட்டில் பைக்கில் போகிறவன்.

அந்த ரோட்டுக்கு நேராகப் போகத் தெரியாது. ஏரி வளைந்தால் தானும் வளையும். யாருடைய வயலாவது குறுக்கே வந்தால் மரியாதையாக ஒதுங்கிச் சுற்றிப் போகும். அறுவடை சமயத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், மீதிப் பாதியில் எருமை நிற்கும். திருப்பங்களில் லாரி சிந்திய மணல் கிடக்கும். அதன் மேல் பிரேக்கைத் தொட்டால் தீர்ந்தது கதை. முன்கூட்டியே கியரை இறக்கி, ரோடு போய் மறைகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே வண்டியைச் சாய்க்க வேண்டும். கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும். குழியைப் பார்த்தால் குழிக்குள் போகும். இது தெரியாமல் விழுந்தவர்களைத் தூக்கி விட்டிருக்கிறேன். நானும் விழுந்திருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை என்பதால் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு மனைவி இறந்தாள். அதன் பிறகுதான் பஸ்ஸை விட்டேன். பஸ்ஸில் ஆளாளுக்கு வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டு வருவார்கள். "சாப்ட்டியா?", "எங்க கீற?", "வரும்போது இன்னா வாங்கினு வரட்டும்?" அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஹெல்மெட்டுக்குள் தலையை நுழைத்துவிட்டால் அந்தத் தொல்லை கிடையாது. உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. கத்தியும் இருக்கிறேன்.

பாதி வழியில் முனீஸ்வரன் வளைவு வரும். ஒரு பக்கம் ஏரிக்கரை, இன்னொரு பக்கம் சீமைக் கருவேலம் புதர். எதிரில் வருவது மூக்குக்கு நேரே வந்தபிறகுதான் தெரியும். திருப்பத்திலேயே முனீஸ்வரன் அரிவாளோடு உட்கார்ந்திருக்கிறார். ஹாரன் அடிக்காமல் அங்கே யாரும் திரும்புவதில்லை. சாமிக்கும் ஆச்சு, எதிரில் வருகிறவனுக்கும் ஆச்சு. நான் சின்னதாக இரண்டு அடிப்பேன். ஒரு நாள் காலையில் அந்தப் பக்கத்திலிருந்து நீளமாக ஒன்று பதிலுக்கு வந்தது. பின்னாலேயே பழைய கறுப்பு வண்டியில் ஒரு சிவப்பு ஹெல்மெட் வந்தது. மறுநாளும் அப்படியே. சில வாரங்கள் போனபின், என் இரண்டைக் கேட்டுவிட்டுத்தான் அவன் அடிக்கிறான் என்று தோன்ற ஆரம்பித்தது.

கடக்கும்போது இடது கையைத் தூக்குவான். நானும் தூக்குவேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். நிறுத்திப் பேசியதில்லை, இரண்டு பேருக்கும் வேலைக்கு நேரமாகியிருக்கும். ஹெல்மெட் கண்ணாடிக்குப் பின்னால் முகம் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. அவன் எனக்கு அடிக்கிறானா, முனீஸ்வரனுக்கு அடிக்கிறானா என்பதும் சந்தேகம்தான். ஆனாலும் ஒரு நாளில் எனக்கென்று நடக்கிற காரியம் அது ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஒரு வாரத்துக்கு மேல் படுத்துவிட்டேன். கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது: திரும்பி வரும்போது மெடிக்கல் சர்டிபிகேட் கொண்டு வரவும். கோயம்புத்தூரில் இருக்கிற மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். என் குரல் கம்மியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் வாசலில் காலி கேன் இல்லாததைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டார். நான் இப்படியே போய்ச் சேர்ந்தால் முதலில் யாருக்குத் தெரியும் என்று படுத்தபடி யோசித்தேன். நாற்றம் வந்தால் கீழ் வீட்டுக்காரருக்குத் தெரியும். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுதேன்.

காய்ச்சல் விட்டு வண்டியை எடுத்த முதல் நாள், வளைவில் இரண்டு அடித்தேன். பதில் இல்லை. இன்னும் இரண்டு அடித்தேன். ஒரு நாய்தான் எழுந்து பார்த்தது. திருப்பத்தைத் தாண்டியதும் ஊருக்குள் போகும் பாதையின் வாயில், இரண்டு பனைமரத்துக்கு நடுவே ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, ஏறக்குறைய என் வயது. வண்டியை நிறுத்திவிட்டு அந்த முகத்தையே பார்த்தேன். சிவப்பு ஹெல்மெட்டுக்குள் இந்த முகம் இருந்திருக்குமா? இருந்திருக்கலாம். ஹெல்மெட்டுக்குள் யார் முகம்தான் இருக்க முடியாது?

அடுத்த சில நாட்களும் பதில் ஹாரன் வரவில்லை. அவன்தான் என்று முடிவு செய்துவிட்டேன். பேர்கூடத் தெரியாதவன் சாவுக்கு இவ்வளவு துக்கம் வரும் என்று நான் நினைத்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் திரும்பும் வழியில் அந்த வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன்.

ஓட்டு வீடு. வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. அவருடைய மனைவி உள்ளேயிருந்து வந்து, யார் என்பது போலப் பார்த்தாள்.

"தெனம் காலைல அவர வண்டில பாப்பேம்மா. பேசனதில்ல. கை காட்டுவாரு. அவ்ளோதான்" என்றேன்.

அந்தம்மாவின் அழுது வீங்கிய முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"எங்க ஊட்டுக்காரருக்கு வண்டியே ஓட்டத் தெரியாதுண்ணா. சைக்கிளு, இல்லாட்டி கம்பெனி பஸ்ஸு. மாரு வலிக்குதுன்னு சொன்னாரு, போயிட்டாரு."

எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"போன வாரம் ஒருத்தரு வந்தாரு. சேப்பு ஹெல்மெட்டு கையில வச்சிகினு. நீங்க சொன்ன மாதிரியேதான் சொன்னாரு. தெனம் எதுர்ல வருவாரு, ரெண்டு ஹாரன் அடிப்பாரு, கொஞ்ச நாளா காணோம், பேனர பாத்துட்டு வந்தேன்னாரு. சொல்லிகினே அழுவ ஆரம்பிச்சிட்டாரு. அழுவறவர நிறுத்தி, நீ வேற ஊட்டுக்கு வந்துட்டேன்னு எப்டிண்ணா சொல்றது? எனக்கு வாய் வரல."

இரண்டு ஹாரன். அவன் அடித்த பதில் சாமிக்கு இல்லை என்று அப்போது தெரிந்தது. நான் காய்ச்சலில் கிடந்து யாருக்குத் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒருவன் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எனக்காக அழுதிருக்கிறான். அடுத்தவர் துக்கத்தில் நுழைந்து சந்தோஷப்படுவது அசிங்கம்தான். சந்தோஷம் வந்தது.

"அவரு எங்க இருக்காருன்னு..."

"கேக்கலண்ணா. இனிமே அந்த ரோட்டுல போ மாட்டேன், ஹைவேலயே போய்க்கிறேன்னாரு. பதினாறாம் நாள் காரியத்துக்கு கண்டிப்பா வரேன்னு சொல்லிகிறாரு. நீயும் வாண்ணா."

"வரேம்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். சாவு வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காரியத்தன்று போனபோதுதான் ஒரு சிக்கல் புரிந்தது. அவனுக்கும் என் முகம் தெரியாது. என் வெள்ளை ஹெல்மெட்டைத்தான் தெரியும். எனவே வண்டியைப் பந்தலுக்கு எதிரே நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். சாப்பிட வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இறந்தவரின் தம்பி வந்து, "இன்னாபா, சாவு ஊட்ல ஹெல்மெட்டு? கழட்டு மொதல்ல" என்றார். உள்ளேயிருந்து அந்தம்மா, "உடு, அவரு அப்டியே நிக்கட்டும்" என்றாள். தம்பி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பந்தி ஒன்று முடிந்து அடுத்தது உட்கார்ந்தது. வரமாட்டான் என்றே நினைத்தேன்.

அப்போது தெருமுனையில் கறுப்பு வண்டி திரும்பியது. சிவப்பு ஹெல்மெட். பந்தலை நெருங்கியவன் என் வண்டியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். தெருவின் நடுவிலேயே காலை ஊன்றி நின்றுவிட்டான். கிட்டே வரவில்லை. பேய் என்று நினைத்தானோ என்னவோ. நான் என் வண்டிக்கு ஓடினேன். சாவி போட்டால்தான் ஹாரன் அடிக்கும். பாக்கெட்டில் தேடிச் சாவியை எடுத்துத் துவாரத்தில் நுழைத்தேன். ஒரு வழியாகத் திருகி, சின்னதாக இரண்டு அடித்தேன்.

பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அவன் அசையவில்லை. பிறகு அவன் பக்கத்திலிருந்து நீளமாக ஒன்று வந்தது. வழக்கத்தை விட நீளம். யாரோ திட்டினார்கள்.

வண்டியை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினான். வழுக்கை. என்னை விடப் பெரியவன். நான் நினைத்து வைத்திருந்த முகம் ஒன்றும் அதில் இல்லை.

"இன்னாபா" என்றான், கோபமாக. "இத்தினி நாளா எங்க போன?"

மூன்று வருடமாக என்னை யாரும் கேட்காத கேள்வி அது.

"ஜொரம்பா" என்றேன். ஹெல்மெட்டை மட்டும் கொஞ்ச நேரம் கழற்றவில்லை.