இரட்டைவாய் ஏரியின் கொண்டை மரம்

ஆம்ப்ரோஸ் கீஜிக் யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேச மாட்டார். எதிரே நிற்பவரின் காதையோ தோளையோ பார்த்துத்தான் பேச்செல்லாம். முகாமுக்கு மீன்பிடிக்க வருகிறவர்கள் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள். காட்டு மனிதரின் அடக்கம் என்று ஊருக்குப் போய்க் கடிதம் எழுதியவர்களும் உண்டு. அடக்கமாவது ஒன்றாவது. மூன்று வருஷமாக அவர் கண்ணின் நடுவில் ஒரு புகைத்திட்டு உட்கார்ந்திருந்தது. நேராகப் பார்த்தால் எதிரில் இருப்பது அந்தப் புகைக்குள் போய்விடும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஓரத்தில் மங்கலாகத் தெரியும். நகரத்து டாக்டர் இரண்டு தடவை விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, போனது போனதுதான், இருப்பதும் போகும், மருந்து கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஊரில் இது தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி டெலிமா.

முப்பத்தோரு கோடைகளாக அவருடைய இடம் படகின் பின்பலகை. வழிகாட்டி அங்கேதான் உட்காருவான். துடுப்பைத் திருப்பிப் படகைச் செலுத்துகிற இடம் அது. வந்தவர்கள் முன்னாலும் நடுவிலும் உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள், கதை பேசுவார்கள், கொசுவைத் திட்டுவார்கள். ஆம்ப்ரோஸுக்குப் பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை, மரம் வெட்டுகிற கம்பெனியும் ஒத்துவரவில்லை. பின்பலகையில் உட்கார்ந்த பிறகுதான் ஊரில் அவருக்கு ஒரு பேர் வந்தது.

அந்தக் கோடையில் முகாம் முதலாளி மார்வின் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வசந்தத்துல ரெண்டு தடவ பாறையில இடிச்சிட்ட. எனக்குக் காது கேக்கும், ஆம்ப்ரோஸ். லாயிட் இந்த வருஷமும் நீதான் வேணும்னு எழுதியிருக்கார். மச்சினனையும் கூட்டிட்டு வர்றார். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கீழ் ஏரிக்கு விமானம் வரும்போது மூணு பேரும் கரையில நிக்கணும். நின்னீங்கன்னா பின்பலகை உன்னோடது. இல்லேன்னா அடுத்த வருஷத்துலருந்து ஹெக்டர் போவான்."

ஹெக்டர் டெலிமாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் மச்சான்மார் பார்த்துக்கொண்டால் கிண்டல் செய்தே ஆகவேண்டும். கிண்டல் நின்றுவிட்டால் இருவருக்கும் நடுவில் சண்டை, இல்லையென்றால் வீட்டில் சாவு என்று அர்த்தம். ஹெக்டர் அதில் குறையே வைத்ததில்லை.

"என்ன மச்சான், என் காதையே பாக்கற? அழுக்கா இருக்கா? எங்க அக்காவையும் காதைப் பாத்துத்தான் கட்டிக்கறியான்னு கேட்டியா? அதான் அவளுக்குச் சரியா வெளங்காம சரின்னுட்டா."

"உன் மூஞ்சிய பாக்கறதுக்குக் காது எவ்வளவோ மேல், மாப்ளே," என்பார் ஆம்ப்ரோஸ். எல்லாரும் சிரிப்பார்கள்.

கிளம்புகிற காலையில் டெலிமா மாவையும் பன்றிக்கொழுப்பையும் மூட்டை கட்டிக்கொண்டே கேட்டாள். "கிழவா, ஹெக்டரயும் கூட்டிட்டுப் போயேன். முன்னாடி உக்காந்து பாத்துச் சொல்லட்டும்."

"வழிகாட்டிக்கு ஒரு வழிகாட்டியா? ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா என்ன, பல்லு சுளுக்கிக்குமா?"

அவள் மூட்டையின் கயிற்றை இழுத்து முடிந்தாள்.

"இரட்டைவாய்ல எப்படித் திரும்புவ?"

"கொண்டை மரம் இருக்குல்ல."

"கண்ணுக்குத் தெரியுமா உனக்கு?"

"வானத்துக்கு முன்னாடி நிக்கற மரம். அதுகூடவா தெரியாது?"

கொண்டை மரம் அந்தக் காலத்து வழிகாட்டிகள் செய்து வைத்தது. கரையில் உயரமான ஊசியிலை மரம் ஒன்றைப் பார்த்து, ஏறி, உச்சியில் மட்டும் கொத்தாக விட்டுவிட்டு மற்ற கிளைகளையெல்லாம் கோடாரியால் கழித்துவிடுவார்கள். இரண்டு மைல் தூரத்திலிருந்தே தெரியும். இரட்டைவாய் ஏரியின் கீழ்முனையில் இரண்டு குடாக்கள் உண்டு. இடது குடாவில் கரையேறிப் படகைத் தோளில் சுமந்துபோனால் அருவியைத் தாண்டிவிடலாம். வலது குடா நேரே அருவியின் உதட்டுக்குப் போகும். இடது முனையில்தான் கொண்டை மரம் நின்றது. அதை நோக்கிப் படகை விட்டால் போதும், வேறு எதுவும் பார்க்க வேண்டியதில்லை.

தண்ணீரில் இறங்குகிற மிதவை விமானம் வியாழக்கிழமை அவர்களைப் படகோடு மேல் ஏரியில் இறக்கிவிட்டுப் போனது; அங்கிருந்து கீழ் ஏரி வரைக்கும் துடுப்புதான். லாயிட் பதினான்கு வருஷமாக வருகிறவர், ஓய்வு பெற்ற பல் டாக்டர். அவருடைய மச்சினன் டீனுக்கு இது முதல் தடவை. கார் விற்கிறவன். படகில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"தலைவரே, மீன் எங்க இருக்குன்னு தெரியுமா, இல்ல அதுங்களுக்கும் கடிதாசி போடணுமா?"

எங்கள் பழங்குடி ஆட்களை வெளியூர் வெள்ளைக்காரர்கள் "தலைவரே" என்று கூப்பிடுவது மரியாதைக்காக இல்லை. ஆம்ப்ரோஸ் ஏரிக்குக் காணிக்கையாக ஒரு சிட்டிகைப் புகையிலையைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தார்.

மீன் விஷயத்தில் அவருக்குக் கண்ணே வேண்டியிருக்கவில்லை. ஈயத்தலைத் தூண்டிலை இறக்கிவிட்டு நரம்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்வார். அடியில் சேறு இருந்தால் விரலுக்கு மெத்தென்று வரும். சரளைக்கல் என்றால் மொறுமொறு. சேறு முடிந்து சரளை ஆரம்பிக்கிற வரப்பில் "இங்க போடுங்க" என்பார். போட்டால் இழுக்கும். வெள்ளிக்கிழமை ஒரே நாளில், எங்கள் ஆட்கள் ஓகா என்று சொல்கிற ஏரிமீன் பதினெட்டு பிடித்தார்கள். பகல் சாப்பாட்டுக்கு ஆறு மீனை வைத்துக்கொண்டு மற்றதைத் தண்ணீரில் விட்டார்கள்.

டீன் ஒரு மீனைத் தூக்கிப் பார்த்தான். ஓகாவின் கண்ணில் பால் ஊற்றியது போல வெள்ளை.

"இது குருட்டு மீனா?"

"கலங்கல் தண்ணியில அதுக்குத்தான் நல்லாத் தெரியும்," என்றார் ஆம்ப்ரோஸ்.

ஏரி நடுவில் ஒரு தீவில் நெருப்பு மூட்டி, கொழுப்பை உருக்கி, உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் போட்டார். துடுப்பின் தட்டையில் மீனை வைத்து, தலை ஏரிப் பக்கம் திரும்பியிருக்க, முள்ளை விட்டுச் சதையை உரித்தார். ஒரு மீனுக்கு இரண்டு இழுப்பு.

"பாக்காமயே அறுக்கறாரே," என்று டீன் வாய்பிளந்தான்.

"ஆம்ப்ரோஸ் அப்படித்தான்," என்றார் லாயிட், தன் சொந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல.

அன்றைக்கு ஆம்ப்ரோஸுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. இன்னும் இரண்டு நாள்தான்.

சனிக்கிழமை பிற்பகல் இரட்டைவாய் ஏரிக்குள் நுழைந்தார்கள். பின்னாலிருந்து காற்று. தூறல் விழுந்துகொண்டிருந்தது. போன கோடையில் அந்தப் பக்கம் காடு எரிந்ததை எல்லாரும் போல அவரும் கேள்விப்பட்டிருந்தார். தீ ஏரிக்கரைக்கு வரவில்லை, ஓடைக்கு அந்தப்புறம் மேல்மேட்டோடு நின்றுவிட்டது என்றுதான் பேச்சு. அதற்கப்புறம் யாரும் அந்த வழியில் போகவில்லை.

ஏரியின் பாதியில் டீன் முன்னாலிருந்து திரும்பினான். "தலைவரே, அந்தப் பக்கமெல்லாம் கருகிக் கெடக்கே. சுடுகாடு மாதிரி."

எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் போதும். அவ்வளவுதான் விஷயம். அந்த இரண்டு வார்த்தை ஆம்ப்ரோஸின் நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் பின்பலகையில் இருப்பவன் முன்பலகையில் இருப்பவனிடம் எந்தப் பக்கம் என்று கேட்பானா? கேட்டால் இவன் சிரிப்பான், லாயிட் திரும்பிப் பார்ப்பார், மார்வின் காதுக்குப் போகும். மேல்மேட்டைத்தான் சொல்கிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ஆமா. போன வருஷம் எரிஞ்சது," என்றார்.

தலையைக் கொஞ்சம் சாய்த்து வானத்தின் ஓரத்தைத் தேடினார். புகைத்திட்டுக்குப் பக்கத்தில் அது வந்தது. நெடுநெடுவென்று ஒரு தண்டு, மேலே ஒரு கொத்து. அதைப் பார்த்துப் படகைத் திருப்பினார்.

தீ தரையோடு ஓடினால் மரத்தின் கீழ்க்கிளைகளைத் தின்றுவிட்டு உச்சியைச் சில சமயம் விட்டுவிடும். அப்படி எரிந்த மரம் ஆள் செதுக்கிய கொண்டை மரத்தின் அச்சாக நிற்கும். உண்மையான கொண்டை மரம் இடது முனையில் வேரோடு எரிந்து கரியாக விழுந்து கிடந்தது. தீ செய்து வைத்த மரம் வலது முனையில் நின்றது. நல்ல கண்ணுக்கு ஒரு பார்வையில் வித்தியாசம் தெரிந்துவிடும், தண்டு முழுக்கக் கறுப்பு. ஆம்ப்ரோஸுக்குக் கறுப்பும் பழுப்பும் ஒரே சாம்பல் நிறம்.

அருவிச் சத்தம் எப்போதும் வலது காதில் மெல்லக் கேட்கும். இப்போது நேர் எதிரே கேட்டது. காற்று திரும்பியிருக்கும் என்று நினைத்தார். அப்புறம் துடுப்புக்குக் கீழே தண்ணீர் தானாக ஓட ஆரம்பித்தது. இடது குடாவில் ஓட்டமே கிடையாது. அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"கரைக்கு வலிங்க. இடது பக்கம். பலமா வலிங்க."

"என்னாச்சு?"

"பேசாம வலிங்க."

முப்பது கஜம் வலித்தார்கள். படகு குறுக்கே திரும்பிப் பாறையில் மோதிச் சாய்ந்தது. மார்பளவுத் தண்ணீர். ஆம்ப்ரோஸ் ஒரு கையில் லாயிட்டின் சட்டையையும் மறு கையில் பாறையையும் பிடித்துக்கொண்டார். டீன் தானே தத்தளித்துக் கரையேறினான். ஏறும்போது முழங்கால் பாறையிடுக்கில் மாட்டி முறுக்கிக்கொண்டது. படகு உதட்டைத் தாண்டிக் கீழே போன சத்தம்கூட இவர்களுக்குக் கேட்கவில்லை. மூட்டைகள், கூடாரம், லாயிட் பதினான்கு வருஷமாகக் கொண்டுவந்த தூண்டில் பெட்டி, எல்லாம் அதோடு போயிற்று.

மெழுகு பூசிய டப்பாவில் தீக்குச்சி அவர் சட்டைப் பையில் இருந்தது. தூண்டில் நரம்பும் கொக்கியும் தொப்பியில் இருந்தன. டீனால் நடக்க முடியவில்லை. அவனை விட்டுவிட்டுக் கீழ் ஏரிக்குப் போகவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூரத்தில் விமானம் இறங்கியது கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து ஏறிப் போனதும் கேட்டது. ஆம்ப்ரோஸ் கருகிய கரையில் உட்கார்ந்து, விரலில் நரம்பைப் பிடித்து, சேறும் சரளையும் சேருகிற இடத்தைக் கண்டுபிடித்து நான்கு ஓகா பிடித்தார். குச்சியில் கோர்த்து வாட்டித் தின்றார்கள். உப்பில்லை.

சாப்பிட்டு முடித்ததும் லாயிட் கேட்டார். "அந்த மரம் கரிக்கட்டையா நிக்குது. நீ பாக்கலியா?"

"பாத்தேன்."

"என்னைப் பாத்துச் சொல்லு."

ஆம்ப்ரோஸ் அவர் காதைப் பார்த்தார்.

லாயிட் வெகுநேரம் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். "கூச்சம்னு நெனச்சேன்," என்றார் கடைசியில். "நான் மார்வின்கிட்ட சொல்ல மாட்டேன், ஆம்ப்ரோஸ். ஆத்து ஓட்டம் மாறிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"நான் சொல்லுவேன்," என்றான் டீன், முழங்காலைப் பிடித்தபடி. அவன் குரலில் கிண்டல் இல்லை. "நாங்க செத்திருப்போம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீங்க. நான் முன்னாடிதானே உக்காந்திருந்தேன்."

தலைவரே என்ற சொல் அவன் வாயில் அப்புறம் வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் விமானம் புகையைப் பார்த்து அருவிக்கு மேலே இரட்டைவாய் ஏரியிலேயே இறங்கியது. முகாமில் மார்வின் கத்தவில்லை. யாரும் சொல்லும் முன்பே அவருக்குப் புரிந்திருந்தது. மீன் அறுக்கிற கொட்டகையில் ஆள் தேவைப்படுகிறது, கைவேலைதானே, வேண்டுமானால் வரலாம் என்றார்.

அடுத்த கோடை முழுக்க ஆம்ப்ரோஸ் அந்தக் கொட்டகையில் நின்றார். கம்பிவலை போட்ட ஜன்னல், அதன்மேல் ஈக்கள். மற்றவர்கள் பிடித்த மீன் வாளி வாளியாக வரும். ஒரு மீனுக்கு இரண்டு இழுப்பு. புகைத்திட்டு பெரிதாகிக்கொண்டே வந்தது. டெலிமா மத்தியானம் சோளரொட்டி கொண்டுவந்து அவர் கையில் வைத்துவிட்டுப் போவாள்.

ஜூலையில் ஒருநாள் ஹெக்டர் நான்கு நாள் பயணம் முடித்துவிட்டு வாளியோடு வந்தான். கதவருகே நிற்பது அவன்தான் என்று காலடிச் சத்தத்திலேயே ஆம்ப்ரோஸுக்குத் தெரிந்தது. கத்தியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். காதைப் பற்றி ஏதாவது சொல்வான். குருட்டு மீனை அறுக்கக் குருட்டு ஆளா என்று கேட்டால்கூடப் போதும். பதில் தயாராக இருந்தது.

"வாளிய எங்க வைக்கட்டுமுங்க?" என்று ஹெக்டர் கேட்டான்.

"அங்கேயே வை."

வாளியை மெதுவாக, சத்தம் வராமல் வைத்தான். "எதாவது வேணுமாங்க?"

"ஒண்ணும் வேண்டாம்."

கதவை அவன் கையால் பிடித்து, அடிக்காமல் சாத்திக்கொண்டு போனான். ஆம்ப்ரோஸ் வாளிக்குள் கைவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.