போர்மேன் ஜெயச்சந்திரன் ரோமாபுரி பார்த்த விதம்

எம். புதுப்பட்டியிலிருந்து இதுவரை ரோமாபுரிக்குப் போய்த் திரும்பியவர் ஒருவர்தான்: பட்டாசு ஆலை போர்மேன் ஜெயச்சந்திரன். அந்த மாநகரை ஒரே பகலில், எந்த வண்டியிலும் ஏறாமல், முழுக்கக் காலாலேயே பார்த்து முடித்தவரும் அவர்தான். இவ்வளவு பெரிய செய்தியை ஒரு பத்திரிகைகூடப் போடவில்லை என்பதில் எங்கள் வட்டாரத்துக்கு வருத்தம் உண்டு.

இதில் கம்பெனியின் பெருந்தன்மையைச் சொல்லியாக வேண்டும். அதிக ஆர்டர் எடுத்த வியாபாரிகளை வருடம் ஒரு முறை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். கூடவே ஆலை ஆள் ஒருவரையும் அனுப்புவார்கள். அவருக்குப் பெரிய வேலை கிடையாது. பார்க்கும் இடத்திலெல்லாம் கம்பெனி பெயர் அச்சடித்த பிளக்ஸ் பேனரை விரித்து ஒரு முனையைப் பிடிக்க வேண்டும், போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும், மறுபடி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வருடம் அந்தப் பேறு ஜெயச்சந்திரனுக்கு. பங்குனியிலேயே பாஸ்போர்ட் தயாராகிவிட்டது.

சித்திரையில் ஆலையின் வெடிமருந்துக் கலவை அறை வெடித்தது. மருந்து கலக்கும் மாரிசாமியும் அவரோடு வேலை பார்த்த இருவரும் இறந்தார்கள்.

சூட்டில் பற்றிக்கொள்ளும் என்பதால் மருந்து கலக்குவது விடிகாலைக் குளிர்ச்சியிலேயே முடிந்துவிட வேண்டிய வேலை. அன்றைக்கு உச்சி வெயிலில் இன்னொரு தடவை கலக்கச் சொன்னார்கள். மாரிசாமி மாட்டேன் என்றார். முதலாளி ராஜபாண்டியன் ஆபீஸ் போனில் “சாயங்காலம் லோடு ஏறணும்” என்றார். அதைக் கேட்டுக்கொண்டு போய் மாரிசாமியிடம் ஒப்பித்தவர் ஜெயச்சந்திரன். ஒப்பித்துவிட்டு வேப்பமரம் வரை நடந்திருப்பார். பின்னால் கூரை எழும்பியது. கருமாதி அன்று மாரிசாமியின் மனைவி பாலம்மாளிடம் அழுதுகொண்டே இதை அவரே சொன்னார். அழுத வேகத்தில் வந்த உண்மை. நிதானமாக இருந்திருந்தால் வந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

கம்பெனி தரப்பு விளக்கம் சுருக்கமானது: மாரிசாமியின் அஜாக்கிரதை. செத்தவர் மறுத்துப் பேசப்போவதில்லை என்பதால் எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. பாலம்மாளுக்கு மட்டும் இல்லை. இறந்த மற்ற இருவரின் வீடும் அதே தெருவில்தான். அவர் குழாயடிக்குப் போனால் மற்றக் குடங்கள் விலகிக்கொண்டன. ‘ரெண்டு வீட்டு விளக்கை அணைச்சவன் பொண்டாட்டி’ என்று காதுபடப் பேசினார்கள். ஒரு நாள் அவருடைய நிறைகுடத்தை யாரோ சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

“எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ணே,” என்றார் பாலம்மாள் ஜெயச்சந்திரனிடம். “விசாரணையில, அவரு மாட்டேன்னுதான் சொன்னாருன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. இந்தத் தெருவுல நானும் பிள்ளைகளும் தலை நிமிந்து நடக்கணும்.”

“சொல்றேன் தாயி. இருக்கன்குடி மாரியாத்தா மேல சத்தியம்.”

அரசாங்க அதிகாரி நடத்தும் விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். ஜெயச்சந்திரன் ரோமில் இருக்க வேண்டிய அதே நாள். காலண்டரில் இத்தனை நாள் இருக்க, இரண்டும் ஒரே கட்டத்தில் வந்து விழுந்தது தற்செயல்தான். முதலாளியே அப்படித்தான் சொன்னார்.

“அண்ணாச்சி, நான் வெளிநாடு போகலை. அன்னைக்கு விசாரணை இருக்குல்லா.”

“அதுனால என்னப்பா. விசா வந்தாச்சு, டிக்கெட்டு போட்டாச்சு. நீ போகலைன்னா கம்பெனி எதையோ மறைக்குதுன்னு நாலு பேரு பேசுவான்.”

“நான் போனாத்தான அண்ணாச்சி அப்பிடிப் பேசுவாக?”

ராஜபாண்டியன் அதைக் காதில் வாங்கவில்லை. “மூஞ்சியைப் பாரு, எம்புட்டு வாடிப் போச்சு. நாலு இடம் பாத்துட்டு வா, மனசு லேசாகும். அதிகாரிகிட்ட நானே பேசிட்டேன், போன்ல மூஞ்சியைப் பாத்துப் பேசுனாப் போதும்னுட்டாரு. இதுக்கு மேல ஒரு மொதலாளி என்னதான் செய்யணும்?”

அதுவும் பொய்யில்லை. இங்கே மதியம் மூன்று மணிக்கு அழைப்பார்கள். ரோமில் அப்போது காலை பதினொன்றரை. முதலாளியின் மனைவி குங்குமம் கொடுத்து அனுப்பினார். ஜெயச்சந்திரன் விமானம் ஏறினார்.

ரோமை நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு அவருடைய அனுபவம் பயன்படும். தெருவெல்லாம் கருங்கல் பாவியிருக்கிறார்கள். புதுச் செருப்பு ஆகாது. முதலில் கூரையில் பெரிய ஓட்டை போட்ட ஒரு கோயில். ஓட்டைக்கு அடியில் பேனர், போட்டோ. பிறகு வரிசையாக மொட்டைத் தூண்கள். பேனர், போட்டோ. “கல்யாண மண்டபத்தைப் பாதி கட்டி விட்டுட்டானுங்க போல,” என்றார் விருதுநகர் வியாபாரி சம்சு பாய். அவர் எங்கே போனாலும் கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். வழிகாட்டிப் பெண் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, ஜெயச்சந்திரன் சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார். சொல்ல வேண்டிய வாக்கியத்தை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டே வந்தார் என்று சம்சு பாய் பின்னால் சொன்னார். மந்திரம் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தாராம்.

பதினொன்று தாண்டி கொலோசியம் என்கிற பழைய வட்ட அரங்கத்துக்கு வந்தார்கள். வாசலில் சோதனை. சீருடைக்காரன் ஒருவன் தட்டை நீட்டி, பையில் இருப்பதையெல்லாம் போடச் சொன்னான்.

இங்கே ஒரு விவரம். பட்டாசு ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. தீப்பெட்டியையும் போனையும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனால், சாயங்காலம் வெளியே வரும்போதுதான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜெயச்சந்திரன் இருபது வருடத்துக்கு மேலாக இதைத் தினமும் செய்கிறவர். தட்டைப் பார்த்ததும் கை தானாகப் போனை எடுத்து வைத்தது. கால் தானாக உள்ளே நடந்தது. பின்னாலிருந்து அவன் ஏதோ கத்தினான். வாட்ச்மேன் என்றால் கத்தத்தான் செய்வான் என்று இவர் திரும்பவில்லை.

உள்ளே போய் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“நம்ம ஏரியா மாதிரியே இருக்கு,” என்றார் சம்சு பாய். “செவரு நிக்கி, கூரையைக் காணோம்.”

“லைசன்சு இல்லாம ஆலை ஓட்டிருப்பான் பாய்,” என்றார் இன்னொருவர். சிரித்தார்கள்.

இங்கே ஆட்களைச் சாகவிட்டு, ஜனங்கள் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தார்கள், ராஜா மேலே உட்கார்ந்திருப்பார் என்று அந்தப் பெண் விளக்கினாள். அந்த ராஜா மேல் ஏதும் விசாரணை நடந்ததா என்று சம்சு பாய் கேட்டார். பாவம், அவளுக்கு அந்த ஆங்கிலம் புரியவில்லை. ஜெயச்சந்திரன் சுற்றிலும் இருந்த வளைவு வாசல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “எம்புட்டு வாசல்,” என்றார். “ஓடிப் பொழைக்கிறதுக்கு.” பதிலுக்கு யாரும் சிரிக்கவில்லை. அப்புறம்தான் மணி என்ன என்று பார்க்கச் சட்டைப்பையைத் தொட்டார்.

வந்த வழியே திரும்ப முடியாது, வெளியே போக வேறு வாசல் என்று தடுத்தார்கள். தமிழிலும் கையாலும் கெஞ்சினார். சுற்றிக்கொண்டு ஓடினார். புதுச் செருப்பு அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, கக்கத்தில் பேனரோடு, வெறுங்காலில் கருங்கல் மேல் அவர் ஓடியதை வெள்ளைக்காரர்கள் வீடியோ எடுத்தார்கள். போன் கைக்கு வரும்போது அங்கே மணி ஒன்று, இங்கே நாலரை. எடுக்காத அழைப்புகள் வரிசையாக இருந்தன. பாலம்மாளின் குரல் பதிவு மூன்று.

“அண்ணே, சார் முன்னாடிதான் உக்காந்திருக்கோம். எடுங்கண்ணே.”

“அவுக எந்திரிக்கப் போறாகண்ணே.”

மூன்றாவதில் பேச்சில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

திருப்பி அழைத்தார், எடுக்கவில்லை. அதற்குள் குடை கிளம்பிவிட்டது. அடுத்து, காசு போடுகிற நீரூற்று. பேனரின் ஒரு முனையை ஜெயச்சந்திரன் பிடித்தார். சிரிக்கச் சொன்னார்கள். அந்தப் போட்டோ சாயங்காலத்துக்குள் சிவகாசி, விஸ்வநத்தம் எல்லாம் சுற்றி எம். புதுப்பட்டிக்கும் வந்து சேர்ந்தது.

போனை மறந்துதான் வைத்தேன் என்கிறார் ஜெயச்சந்திரன். பழக்கதோஷமாம். ஒரு பழக்கத்துக்கு இவ்வளவு முதலாளி விசுவாசம் இருக்கும் என்று நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. வேண்டுமென்றே செய்தேன் என்று அவர் ஒப்புக்கொண்டிருந்தால்கூட ஊர் மன்னித்திருக்கும். அதில் ஒரு சாமர்த்தியமாவது இருக்கிறது.

விசாரணை முடிவு, அஜாக்கிரதை என்றே வந்தது. ஊர் திரும்பிய அன்றே அவர் பாலம்மாள் வீட்டுக்குப் போனார்.

“வாங்கண்ணே. சாப்பிட்டீகளா?”

“தாயி, அந்தப் போனு...”

“அங்க சொல்ல முடியலைன்னாப் போகுதுண்ணே. ஆபீசருக்கு நான் யாரு. நாளைக்குக் காலையில தண்ணி வரும், தெருவே நிக்கும். அங்கன வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

“வாரேன்.”

வந்தார். ஆலைக்கு ஆள் ஏற்றும் பஸ் குழாயடியில்தான் நிற்கும். முன் சீட்டிலிருந்து இறங்கி, குடங்களுக்கு நடுவே வந்து நின்றார். சத்தம் அடங்கியது. வரிசைக்கு வெளியே தள்ளி, பாலம்மாள் காலிக் குடத்தோடு நின்றிருந்தார். ஜெயச்சந்திரன் தொண்டையைச் செருமினார்.

“என்ன போர்மேன் அண்ணே,” என்றாள் ஒருத்தி, “அங்க செலையெல்லாம் துணியில்லாம நிக்குதாமே, நெசமா?”

தெரு சிரித்தது. ஜெயச்சந்திரனும் சிரித்தார். ஆமாம் என்றார். இன்னொருத்தி நீரூற்றைக் கேட்டாள், சொன்னார். கூரையில் ஓட்டை போட்ட கோயிலைச் சொன்னார். மழை பெய்தால் நேராக உள்ளே விழும் என்றார். கருங்கல் தெரு, மஞ்சள் குடை எல்லாவற்றையும் சொன்னார். அவர் இவ்வளவு நன்றாகப் பேசுவார் என்று யாருக்கும் தெரியாது. டிரைவர் ஆரன் அடித்தார்.

“மிச்சத்தை வந்து சொல்றேன்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

பஸ் போனது. குடங்கள் மறுபடி வரிசைக்கு வந்தன. கடைசிக் குடம் நிரம்பி எல்லாரும் போகும்வரை பாலம்மாள் நின்றார். அதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.