அக்காவுக்கு மூன்று வகுப்பு

கோச்சடையில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் தகரக் கொட்டகையில், கதவுக்குப் பக்கத்தில் இரண்டு ஆணிகள் இருந்தன. இடது ஆணி அக்காவின் வெள்ளை ஹெல்மெட்டுக்கு, வலது ஆணி என்னுடையதற்கு. மாலை நான்கரைக்கு எந்த ஹெல்மெட் ஆணியில் தொங்குகிறதோ, அதன் சொந்தக்காரி எம்.இ. வகுப்புக்குப் பஸ் ஏறிவிட்டாள் என்று அர்த்தம். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கி எந்தப் பிள்ள பள்ளிக்கூடம் போயிருக்கு?" என்று சத்தம் போடுவார். சித்தாள்கள் சிரிப்பார்கள்.

அக்கா எனக்கு உறவில்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த சைட் இன்ஜினியர், வாடிப்பட்டியிலிருந்து தினமும் வந்து போனவர். எங்கள் கம்பெனியில் எம்.இ. முடித்தவர்களைத்தான் டிசைன் பிரிவில் எடுப்பார்கள். "பதினாறு வருசமா வெயில்ல நின்னாச்சு பிள்ள. ஒரு ஃபேனுக்கு அடியில உக்காந்து கம்பிக் கணக்குப் போடணும். அம்புட்டுத்தான் ஆசை" என்பார். இருவரும் ஒரே நாளில் மாலை நேரப் படிப்புக்கு விண்ணப்பித்தோம். மேலாளர் அனுமதித்தார், ஒரு நிபந்தனையோடு: "காங்கிரீட் போடுற அன்னைக்கி ஒருத்தராச்சும் நிக்கணும்மா."

முறை வைத்து நிற்பதாகத்தான் பேச்சு. ஆனால் என் முறை வரும்போதெல்லாம், "நீ போ பிள்ள, நா பாத்துக்கிறேன்" என்று அக்கா ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொள்வார். நானும் போனேன். எதையும் பட்டியல் போட்டு வைப்பது என் பழக்கம். இருவருடைய வருகையையும் போனில் அட்டவணையாக வைத்திருந்தேன். அக்கா கேட்டுத்தான் வைத்தேன். "எனக்குக் கம்பி ஞாபகத்துல நிக்கும், தேதி நிக்காது."

பருவத் தேர்வுக்கு முன் நான்கு வகுப்புகள் மீதியிருந்தன. மழைக்கு முன் தளங்களை முடித்தாக வேண்டுமென்று அந்த நான்கு நாளும் கான்கிரீட் என்று சொல்லிவிட்டார்கள். அட்டவணையைப் பார்த்தேன். தேர்வெழுத முக்கால் பங்கு வருகை இருக்க வேண்டும். அதைத் தொட எனக்கு இரண்டு வகுப்பு வேண்டும், அக்காவுக்கு மூன்று. இருப்பது நான்கு. செய்யக்கூடியவை என்று இன்றைக்கு எழுதினால் மூன்று வரி வரும்: அக்காவிடம் சொல்வது, வேறு சைட்டிலிருந்து ஒரு நாளைக்கு ஆள் கேட்பது, பேராசிரியரைப் போய்ப் பார்ப்பது. அன்று நான் ஒரு வரியும் எழுதவில்லை.

அன்று மதியம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே அக்கா கேட்டார். "எனக்கு இன்னும் எம்புட்டு வேணும் பிள்ள? தேறிருவேன்ல?"

"பாத்துச் சொல்றேங்க்கா." போன் என் கையில்தான் இருந்தது.

முதல் இரண்டு வகுப்புக்கும் நானே போனேன். வழக்கம்போல அக்காவே அனுப்பிவைத்தார். கடைசி இரண்டுக்கு அவர் போனார். அங்கே நடத்தியதை மறுநாள் டீ நேரத்தில் எனக்கு வரைந்தும் காட்டினார்.

தேர்வெழுத முடியாதவர்கள் பட்டியலில் அக்காவின் பெயர் இருந்தது. ஒரு வகுப்பு குறைவு. அறிவிப்புப் பலகை முன்னால் நின்று, "நீ கணக்கு வச்சிருந்தியே பிள்ள?" என்றார்.

"தப்பாக் கூட்டிட்டேங்க்கா."

என் கூட்டல் தப்பாது என்பது அவருக்குத் தெரியும். தன் கம்பிக் கணக்கையெல்லாம் சரிபார்க்க என்னிடம் தருபவரே அவர்தான். "சரி, விடு" என்றார். அடுத்த வருடம் அதே பருவத்தை மறுபடி படிக்கலாம் என்றது கல்லூரி. அக்கா போகவில்லை. மேலாளர் காரணம் கேட்டதற்கு, "மகளுக்குப் பன்னெண்டாவது சார்" என்று மட்டும் சொன்னார்.

நான் முடித்தேன். இப்போது டிசைன் பிரிவில் இருக்கிறேன். என் மேஜைக்கு நேர் மேலே ஃபேன் ஓடுகிறது. வரைபடங்கள் பறக்காமலிருக்க அவற்றின்மேல் ஒரு கான்கிரீட் துண்டை வைத்திருக்கிறேன்.

போன வாரம் கம்பிக்கட்டைச் சரிபார்க்க அக்காவின் சைட்டுக்குப் போனேன். இடம்தான் வேறு; அதே கொட்டகையைப் பிரித்து வந்து போட்டிருக்கிறார்கள். அதே தகரம், அதே இரண்டு ஆணிகள். வலது ஆணியில் என் பழைய ஹெல்மெட் தூசி துடைத்துத் தொங்கியது. போட்டுக்கொண்டு தளத்துக்கு ஏறினேன். கான்கிரீட் லாரி வரவில்லை. நான்கரை ஆயிற்று, வெயில் இறங்கவேயில்லை. அக்கா அருகில் வந்தார்.

"நீங்க போங்க மேடம், நா பாத்துக்கிறேன்."

கீழே இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி வலது ஆணியில் மாட்டினேன்.