அண்ணன் முதுகும் சிப்பித் தோணியும்

இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போனதால், இருபத்தைந்து வயதுவரை நான் போன இடமெல்லாம் அண்ணன் முதுகில்தான். முதல் ஓட்டுப் போடவும் அப்படித்தான் போனேன். எந்தச் சின்னத்தில் குத்தினேன் என்று அவனுக்கும் தெரியும். தூக்கி வந்தவன் எட்டிப் பார்க்காமலா இருப்பான்.

குடவாசல் பக்கம் எங்கள் ஊரில் கூலி உயர்வு கேட்டு அறுவடையை நிறுத்தியிருந்தார்கள். போலீஸ் வந்தால் ஆம்பளைகள் எல்லோரும் வாய்க்காலைத் தாண்டி ஓடுவார்கள். என்னையும் சுமந்தால் அண்ணன் மாட்டிக்கொள்வான். அதனால் என்னை முத்துப்பேட்டையில் சித்தி வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள், மூட்டை மாதிரி. எரிச்சலாகத்தான் இருந்தது.

சித்தி தெருவில் ஒரு ராவுத்தர் பாய்மரத் தோணி வைத்திருந்தார். காயலில் அள்ளும் சிப்பியை அதில்தான் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுவருவார்கள். சுக்கான் பிடித்தவர் சிங்கப்பூருக்குக் கப்பலேறிவிட, ராவுத்தர் என்னிடம் வந்தார்.

"உக்காந்து பாக்குற வேலைதான் தம்பி. வர்றீங்களா?"

வேலைக்கு என்று என்னை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. காற்றின் போக்கு பிடிபட ஒரு மழைக்காலம் ஆனது. தோணியைச் சேற்றில் ஏற்றியபோதெல்லாம் ராவுத்தர் நன்றாகத் திட்டினார், ஆனால் வேலையைவிட்டு நிறுத்தவில்லை.

கூலித் தகராறும் போலீஸ் கேஸும் ஒருவழியாகத் தீர்ந்ததும் அண்ணன் என்னைக் கூட்டிப்போக வந்தான். போனால் மறுபடியும் அவன் முதுகுதான். வரமாட்டேன் என்றேன்.

"கோவத்துல பேசாத. ஒனக்குக் கஞ்சி ஊத்த நான் இல்லையா?" என்றான்.

அவனிடம் வாதாடி ஆகாது. அவனைத் தோணியில் ஏற்றிக்கொண்டேன்.

காயல் நடுவே காற்று திரும்பி, நான் இருந்த பக்கமாகத் தோணி சாய்ந்தது. நான் விழுந்துவிடுவேன் என்று அண்ணன் பாய்ந்து வந்து என் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வரப்பு வழுக்கினால் அப்படித்தான் பிடிப்பான். இங்கே அவன் கனமும் சாய்ந்த பக்கமே சேர, தண்ணீர் உள்ளே வந்தது.

"விடு. அந்தப் பக்கம் போய் உக்காரு," என்றேன்.

"நீ உழுந்துருவடா."

"நீ விடலேன்னா ரெண்டு பேரும் உழுவோம்."

விட்டான். தவழ்ந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான். தோணி நிமிர்ந்தது. கரை வரும்வரை அவன் கண் என் கைகளைவிட்டு நகரவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

பஸ்ஸுக்குப் புறப்படும்போது கேட்டான்.

"தம்பி எங்கடான்னு அம்மா கேட்டா என்னன்னு சொல்ல?"

"வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லு."