திருகினால் டக்கென்று சொல்லும் அடுப்பு

பார்வை போன பிறகும் நான்தான் சமைக்கிறேன். நேற்று, கேஸ் அடுப்பை அணைத்துவிட்டேன் என்று நினைத்து நகர்ந்தபோது சேலை முந்தானையில் தீ பிடித்துவிட்டது. வீட்டுக்காரர் ஓடி வந்து தண்ணீரை ஊற்றினார்.

அதனால் இன்று இன்டக்‌ஷன் அடுப்பு வாங்க இருவரும் அருப்புக்கோட்டை போனோம்.

கடைக்காரர் என்னிடம் பேசவே இல்லை. "சார், இவுகளுக்கு இதுதான் தோது. லேசாத் தொட்டாப் போதும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, பிளக்கைச் சொருகினார்.

தடவினேன். ஒரே வழவழப்பு. பட்டன் எதுவும் விரலில் தட்டுப்படவில்லை. திடீரென்று 'பீப்' என்றது. ஆன் ஆனதா, ஆஃப் ஆனதா? கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"திருகுற மாதிரி இருக்காண்ணே?"

"எதுக்கும்மா கஷ்டம்? சமையலுக்கு ஆள் வச்சுக்கலாம்ல?"

"ஆள் வரலைன்னா எங்க வீட்டுக்காரவுக சமைப்பாக. அது இதவிடப் பயம்ணே."

கடைக்காரர் சிரித்துவிட்டார். உள்ளே போய், திருகு வைத்த அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். திருகத் திருக 'டக், டக்' என்று விரலுக்கும் காதுக்கும் சொன்னது. அதையே வாங்கினோம்.

சாயங்காலம் வெந்நீர் மட்டும் வைத்தேன். அணைத்த பிறகும் பயம் போகவில்லை. திரும்பத் திரும்பத் திருகைத் தொட்டுப் பார்த்தேன்.

நாளைக்குப் பால் காய்ச்ச வேண்டும். கண் தெரியாமல் சமைக்கிறவர்களே, பொங்கப் போவது உங்களுக்கு எப்படித் தெரிகிறது? விடிவதற்குள் சொல்லுங்கள். "நான் பாத்துக்கிறேன்" என்கிறார் வீட்டுக்காரர், போனைப் பார்த்துக்கொண்டே.