பக்கத்தின் அடியில் ஓடிய எண்

பிள்ளைகளே, கொழும்பில் நல்ல வேலையில் இருந்த உங்கள் சித்தப்பா ஏன் திடீரென்று தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பி வந்தார் என்று கேட்டீர்கள். அவரிடம் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். காரணம் நான்தான், அதனால் நானே எழுதுகிறேன்.

அப்போது பதுளை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் எனக்கு வேலை. டெலிபோன், போட்டோ கொப்பி, இரண்டு கம்பியூட்டர். நம் தோட்டம் இருக்கும் தெமோதரையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஆள் வராத நேரத்தில் வெப்சைட் செய்யப் பழகினேன். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடித்துவிடலாம்.

உங்கள் சித்தப்பாவோடு சேர்த்து நம் தோட்டத்துப் பையன்கள் பத்தொன்பது பேர் கொழும்புக் கடைகளில் இருந்தார்கள். புதிதாகப் போகிறவனுக்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. அதற்காகத்தான் அந்தப் பக்கத்தைச் செய்தேன். தீபாவளிக்கு வந்தவர்களிடம் விவரம் எழுதி வாங்கினேன்.

"என் ரூம் அட்ரஸையும் போடுங்கண்ணே. யாராச்சும் வந்தா ஒரு வேளை நல்ல சோறு கெடைக்கும்" என்றார் சித்தப்பா.

"வர்றவனுக்கா?"

"எனக்குத்தான். ஊர்லருந்து வர்றவன் வெறுங்கையோடவா வருவான்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

தோட்டத்தில் வெறும் பெயரை மட்டும் யாரும் எழுதுவதில்லை. ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். ஆள் கணக்கு எழுதும் செக்ரோலில் பதிவதைப் போல, தகப்பன் பெயர், எந்த வரிசை வீடு என்று லயம், அதில் எந்த அறை என்று காம்பரா நம்பர் எல்லாம் சேர்த்துத்தான் ஒரு ஆள். நானும் அப்படியே போட்டேன். அடையாள அட்டை நம்பரையும் விடவில்லை. தமிழ் எழுத்து ஒழுங்காக வராததால் எல்லாமே இங்கிலீஷ் எழுத்தில். பக்கத்தின் அடியில், எத்தனை தடவை பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஒன்றையும் வைத்தேன்.

அது நாற்பதில் நின்றது. நாற்பதும் நான் பார்த்ததுதான்.

வடக்கில் சண்டை மறுபடி தொடங்கியது. கொழும்பில் தோட்டத்துப் பையன்களையும் புலி என்ற சந்தேகத்தில் பிடிக்கிறார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். ஒரு திங்கட்கிழமை பக்கத்தைத் திறந்தேன். ஐம்பத்தெட்டு. மறுநாள் எழுபத்தொன்று. கடை முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற கிளார்க். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நான் திறக்கேல்லை. உங்கட லயத்தில ஆரிட்டையும் கம்பியூட்டர் இருக்கோ?"

"இல்லீங்க."

"அப்ப ஆர் பாக்கிறது?" குனிந்து பட்டியலை வாசித்தவர் முகம் மாறியது. "உமக்கென்ன விசரோ? அடையாள அட்டை இலக்கமும் போட்டு வச்சிருக்கிறீர். இப்பவே எடும்."

இன்டர்நெட்டுக்கு லைன் கிடைக்கவில்லை. கிடைக்கும் வரை காத்திருந்தபோது டெலிபோன் அடித்தது. சித்தப்பா.

"அண்ணே, காலையில ரூமுக்கு ரெண்டு பேர் வந்தாங்க. என் பேரு, அப்பா பேரு, லயம், காம்பரா எல்லாம் சொல்றாங்க. நான் ஐடென்டிகாட்ட எடுக்கவே இல்ல, அதுக்குள்ள நம்பரையும் சொல்லிட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. ஆள் இருக்கானான்னு பாத்துட்டுப் போயிட்டாங்க."

"இன்னைக்கே ரயில் ஏறு. பையக்கூட எடுக்காத."

அன்று மத்தியானம் லைன் கிடைத்ததும் பக்கத்தை அழித்தேன். மறுநாள் தெமோதரை ஸ்டேஷனில் சித்தப்பா வெறுங்கையோடு இறங்கினார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, முதலாளி சாப்பிடப் போன நேரம், அந்த எண்ணை மட்டும் தேடிப் பார்த்தேன். எண்ணும் வேலையை வேறொரு வெப்சைட் செய்துகொண்டிருந்ததால் அது அழியவில்லை. நான் அழித்தபோது தொண்ணூற்று நான்கு. இப்போது நூற்று மூன்று. இல்லாத பக்கத்தை எப்படித் திறப்பார்கள்? கொஞ்ச நேரம் கழித்துத்தான் விளங்கியது. யாரோ அதைத் தங்கள் கம்பியூட்டரில் எடுத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதைத் திறக்கும்போதெல்லாம் என் எண் ஒன்று கூடுகிறது.

கம்பியூட்டரை நிறுத்திவிட்டு, தீபாவளிக்கு விவரம் எழுதி வாங்கிய கொப்பிப் புத்தகத்தை எடுத்தேன். அதைப் பார்த்து மற்றப் பதினெட்டுப் பேருக்கும் கடிதம் எழுதினேன். எல்லாவற்றிலும் ஒரே வரி: அம்மாவுக்குச் சுகமில்லை, உடனே வரவும். தபால் கந்தோருக்கு நடந்து போய் ஒவ்வொன்றாகப் போட்டேன். எந்த உறையின் பின்பக்கத்திலும் என் பெயரையோ, லயத்தையோ, காம்பரா நம்பரையோ எழுதவில்லை.